அருந்ததி எங்கே போனாள்?

திருப்பதியில் ஒரு கல்யாண மண்டபம். வைகாசி மாதம். இரவு ஒன்பது மணிக்கு முகூர்த்தம்.

தாலி கட்டி முடிந்தது. அம்மி மிதித்தாயிற்று. புரோகிதர் மணமக்களை வாசலுக்கு அழைத்து வந்தார். பந்தல் முழுவதும் சீரியல் விளக்குகள். வீடியோக்காரர் ஒரு பெரிய விளக்கைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். புரோகிதர் வானத்தைக் காட்டினார்.

"அதோ அருந்ததி. தெரிகிறதா அம்மா?"

பெண் தலையை ஆட்டினாள். மாப்பிள்ளையும் ஆட்டினார்.

பெண்ணின் பாட்டி வெதுருகுப்பத்திலிருந்து வந்திருந்தார். பந்தியில் உட்கார்ந்ததும் பேத்தியின் காதில் மெல்லக் கேட்டார்.

"நிஜமாவே பார்த்தியாடி?"

"இல்லை அவ்வா. ஒரு நட்சத்திரம்கூடத் தெரியலை. அய்யர் கேட்டாரு. தலையை ஆட்டிட்டேன்."

பத்து நாள் கழிந்தது. மணமக்கள் விருந்துக்கு வெதுருகுப்பம் வந்தார்கள். அன்று அமாவாசைக்கு மறுநாள். இரவுச் சாப்பாடு முடிந்தது. பாட்டி இருவரையும் ஊருக்கு வெளியே, வேர்க்கடலைக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போனார். கொஞ்ச நேரம் வரப்பில் உட்கார வைத்தார். கண் இருட்டுக்குப் பழகட்டும் என்றார்.

"வடக்கே பாருங்க மாப்பிள்ளை. ஏழு நட்சத்திரம், கரண்டி மாதிரி. கரண்டிக் காம்பிலே மூணு இருக்கு. நடுவிலே இருக்கிறவர் வசிஷ்டர். அவரை ஒட்டி என்ன இருக்கு?"

"சின்னதா ஒண்ணு இருக்கு அவ்வா!" என்று பேத்தி கத்திவிட்டாள்.

அதே கண்தான். அதே வானம்தான். திருப்பதிக்கும் வெதுருகுப்பத்துக்கும் நடுவே பஸ்ஸில் ஒன்றிரண்டு மணி நேரப் பயணம். அங்கே தெரியாத அருந்ததி இங்கே எப்படித் தெரிந்தாள்?

இருட்டில் இருக்கும் சொத்து

நிலா இல்லாத இரவு. மேகம் இல்லை. பக்கத்தில் விளக்கும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் நின்றால் வெறும் கண்ணுக்கே இரண்டாயிரம், மூவாயிரம் நட்சத்திரங்கள் தெரியும். பெரிய நகரத்தின் நடுவே நின்றால் சில பத்து நட்சத்திரங்கள்தான் தெரியும். அவற்றை ஒரு குழந்தைகூட எண்ணிவிடலாம்.

கிராமத்துப் பெரியவர்கள் கடிகாரம் இல்லாத காலத்திலும் நேரம் தெரிந்து வேலை செய்தார்கள். பகலில் மின்சாரம் வராத நாட்களில், இரவில் மோட்டார் போடக் கொல்லைக்குப் போனார்கள். மடை திருப்பிவிட்டு வரப்பில் படுத்தார்கள். எந்த நட்சத்திரம் எவ்வளவு மேலே வந்திருக்கிறது என்று பார்த்தே, விடிய இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்வார்கள்.

சித்தூர்ப் பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்த பூமி. வெதுரு என்றால் தெலுங்கில் மூங்கில். குப்பம் இரண்டு மொழிக்கும் பொது. வானத்துக்கும் இங்கே இரண்டு மொழியிலும் பெயர் உண்டு. விடியலில் கிழக்கே பளிச்சென்று தெரிவதைத் தமிழில் விடிவெள்ளி என்கிறோம். தெலுங்கில் வேகுச்சுக்கா. அது உண்மையில் நட்சத்திரம் அல்ல. வெள்ளி என்ற கிரகம். கார்த்திகை மாதம் இருட்டியதும் கிழக்கே ஒரு சிறு கூட்டம் எழும்பி வரும். ஆறு நட்சத்திரங்கள் நெருக்கமாக நிற்கும். தமிழில் அறுமீன், கார்த்திகை என்று பெயர். தெலுங்கில் பிள்ளலகோடி என்பார்கள். குஞ்சுகளோடு மேயும் கோழி என்று பொருள். பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

ஆடி, ஆவணியில் மேகம் விலகிய இரவில், வானத்தின் குறுக்கே வெண்புகை போல ஒரு பட்டை தெரியும். அது புகை அல்ல. கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் தூரத்தில் சேர்ந்து தெரிகின்றன. அதுதான் பால்வீதி. நம் சூரியனும் அந்தக் கூட்டத்தில் ஒன்று. 2016-ஆம் ஆண்டு விஞ்ஞானிகள் உலகம் முழுவதற்கும் ஒரு கணக்கு எடுத்தார்கள். உலக மக்களில் மூன்றில் ஒருவர் வாழும் இடத்திலிருந்து பால்வீதி தெரியவே தெரியாதாம். தம் வீட்டு வாசலில் இருந்து அதைப் பார்க்காமலே பலர் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

விளக்கு எப்படி நட்சத்திரத்தை மறைக்கிறது?

மண் ரோட்டில் இரவில் லாரி வருகிறது. முன்னால் போன வண்டி புழுதி கிளப்பிவிட்டது. லாரியின் விளக்கு பட்டதும் அந்தப் புழுதியே வெள்ளைச் சுவர் போல ஒளிர்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் ஆள் தெரிவதில்லை. பார்த்திருப்பீர்கள்.

நகரத்திலும் இதேதான் நடக்கிறது. காற்றில் எப்போதும் தூசி இருக்கிறது. ஈரமும் இருக்கிறது. தெருவிளக்கு, கடை விளக்கு, விளம்பரப் பலகை விளக்கு எல்லாம் பக்கவாட்டிலும் மேலேயும் வெளிச்சத்தைக் கொட்டுகின்றன. அந்த வெளிச்சம் தூசியிலும் காற்றிலும் பட்டுச் சிதறுகிறது. வானமே ஒரு மங்கலான வெள்ளைத் திரை ஆகிவிடுகிறது. நட்சத்திரம் அங்கேயேதான் இருக்கிறது. திரையின் வெளிச்சம் அதைவிட அதிகமாக இருப்பதால் தெரிவதில்லை.

பெரிய ஊர்களுக்கு வெளியே இருட்டில் நின்று பாருங்கள். ஊர் இருக்கும் திசையில் அடிவானம் வெளுத்திருக்கும். வெதுருகுப்பத்துக்கு வடக்கே திருப்பதி. தென்மேற்கே சித்தூர். ஊர் வளர வளர அந்த வெளுப்பும் உயர்ந்துகொண்டே வரும்.

இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. முன்பு பல தெருக்களில் மஞ்சள் சோடியம் விளக்கு இருந்தது. 2015-ஆம் ஆண்டுக்குப் பிறகு நாடு முழுவதும் அவற்றை எடுத்துவிட்டு வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் போட்டார்கள். மின்சாரம் மிச்சமாகிறது. அது நல்லதுதான். ஆனால் அந்த வெள்ளை ஒளியில் நீல நிறம் அதிகம் கலந்திருக்கிறது. நீல ஒளி காற்றில் அதிகமாகச் சிதறும். பகலில் வானம் நீலமாகத் தெரிவதற்கும் அதுவே காரணம். அதனால் வெள்ளை விளக்கு வானத்தை மஞ்சள் விளக்கைவிட அதிகமாக வெளுக்க வைக்கிறது.

சென்னையில் அன்று, காவலூரில் இன்று

சென்னை நுங்கம்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். இன்று அங்கே இரவும் பகலும் ஒன்றுதான். ஆனால் 1792-ஆம் ஆண்டு அங்கே ஒரு வானாய்வுக்கூடம் கட்டினார்கள். 1861-இல் அங்கிருந்து போக்சன் என்ற ஆங்கிலேயர் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். குறுங்கோள் என்பது சூரியனைச் சுற்றும் சிறிய பாறை உலகம். ஆசியாவில் இருந்து கண்டுபிடித்த முதல் குறுங்கோள் அதுவே. அதனால் அதற்கு ஆசியா என்றே பெயர் வைத்தார்.

அதே இடத்தில் சிந்தாமணி ரகுநாதாச்சாரி என்பவர் வேலை பார்த்தார். சிறு வயதிலேயே அங்கே சேர்ந்தவர். வேலை செய்துகொண்டே கற்றுக்கொண்டவர். 1867-இல் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அது தெற்கே மிகத் தாழ்வாகத் தெரிகிற நட்சத்திரம். நுங்கம்பாக்கத்தில் அன்று அடிவானம் வரை எவ்வளவு இருட்டு இருந்திருக்க வேண்டும்! 1874-இல் வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே போனது. பொதுமக்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று அதைப்பற்றி அவர் இந்திய மொழிகளில் சிறு புத்தகம் எழுதி வெளியிட்டார். பஞ்சாங்கமும் கணித்துக் கொடுத்தார்.

ஹைதராபாத்திலும் இதே போல ஒரு கதை உண்டு. நவாப் ஜாபர் ஜங் என்ற பிரபுவுக்கு வானம் பார்ப்பதில் பெரிய ஆசை. சொந்தப் பணத்தில் இங்கிலாந்திலிருந்து தொலைநோக்கி வாங்கி, 1901-இல் ஒரு வானாய்வுக்கூடம் தொடங்கினார். அவருக்குப் பிறகு நிஜாம் அரசு அதை எடுத்துக்கொண்டது. பேகம்பேட்டையில் நடத்தியது. நகரம் வளர்ந்தது. 1968-இல் நகரத்தைவிட்டு வெகு தூரம் தள்ளி, ரங்காபூர் என்ற இடத்தில் புதிய பெரிய தொலைநோக்கியை வைத்தார்கள். நகரத்து வெளிச்சம் பின்னாலேயே அங்கும் வந்து சேர்ந்தது.

நமக்குப் பக்கத்தில் இருப்பது காவலூர். ஜவ்வாது மலையில், ஆலங்காயத்துக்கு மேலே இருக்கிறது. இன்று திருப்பத்தூர் மாவட்டம். முன்பு வட ஆற்காடு மாவட்டம். 1911 வரை சித்தூரும் அதே வட ஆற்காட்டில்தான் இருந்தது. ஆகவே காவலூர் நமக்கு அந்நியம் அல்ல.

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் வைணு பாப்பு என்ற விஞ்ஞானி. ஹைதராபாத்தில் வளர்ந்தவர். அவருடைய தந்தை அந்த நிஜாம் வானாய்வுக்கூடத்தில்தான் வேலை பார்த்தார். இருட்டான, மேகம் குறைந்த இடம் எது என்று தேடி, சந்தனக் காட்டுக்கு நடுவே காவலூரைப் பிடித்தார். 1968-இல் ஒரு சிறிய தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. பிறகு பெரியவை வந்தன.

1977 மார்ச் 10. அன்று இரவு யுரேனஸ் என்ற கிரகம் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போக வேண்டும். காவலூரில் காத்திருந்து பார்த்தார்கள். கிரகம் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சட்டென்று குறைந்தது. மறுபடி கூடியது. கிரகத்தைச் சுற்றி ஏதோ இருக்கிறது! விளக்குக்கு முன்னால் சைக்கிள் சக்கரத்தை நகர்த்தினால், நடு அச்சு வருவதற்கு முன்பே விளிம்பு ஒரு முறை விளக்கை மறைக்கும் அல்லவா? அது போல. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது அன்றுதான். அமெரிக்கர்கள் விமானத்தில் தொலைநோக்கி வைத்துக் கண்டார்கள். நம்மவர்கள் ஜவ்வாது மலையில் நின்றே கண்டார்கள்.

1988 பிப்ரவரி 17 அன்று காவலூரில் ராஜமோகன் என்ற விஞ்ஞானி ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார். இந்தியாவில் இருந்து குறுங்கோள் கண்டுபிடித்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள்.

காவலூரின் மிகப் பெரிய தொலைநோக்கி நம் நாட்டிலேயே செய்தது. அதன் கண்ணாடி ஏழரை அடிக்கும் மேல் அகலம். அது முடிவதற்குள் 1982-இல் பாப்பு காலமாகிவிட்டார். 1986-இல் அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

இப்போது மலைக்குக் கீழே பாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர். தோல் தொழிற்சாலைகள், செருப்புக் கம்பெனிகள், நாற்கரச் சாலை. லட்சக்கணக்கான மக்களுக்கு அங்கேதான் பிழைப்பு. யாரும் தப்பு செய்யவில்லை. ஆனால் கீழே வெளிச்சம் கூடக் கூட, மேலே இருக்கும் வானம் வெளுக்கிறது. திருவிழா ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நின்று, ஒருவர் காதோடு சொல்வதைக் கேட்க முடியுமா? மங்கலான நட்சத்திரங்களைத் தேடும் தொலைநோக்கிக்கு அதே கஷ்டம். தெருவிளக்கை அணைக்கச் சொல்லி ஊரைக் கேட்கவும் முடியாது. கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது.

கார்த்திகை மாதம் இரவு எட்டு மணிக்கு, வடக்கே நல்ல உயரத்தில் ஒரு சிறு வெண்திட்டு தெரியும். பஞ்சுத் துணுக்கு போல இருக்கும். அதன் பெயர் ஆண்ட்ரோமீடா. நம் பால்வீதி போலவே இன்னொரு பெரிய நட்சத்திரக் கூட்டம். அந்த ஒளி அங்கிருந்து புறப்பட்டு சுமார் 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அவ்வளவு தூரம் எந்தத் தடையும் இல்லாமல் வருகிறது. கடைசியில் நம் ஊர் டீக்கடை போகஸ் லைட்டில் தோற்றுப்போகிறது.

எண்ணிச் சொன்னவர்கள்

வானம் எவ்வளவு வேகமாக வெளுக்கிறது? இதைக் கண்டுபிடித்ததில் சாதாரண மக்களின் பங்கு பெரியது. பல நாடுகளில் பொழுதுபோக்காக வானம் பார்ப்பவர்கள், பள்ளிப் பிள்ளைகள், இல்லத்தரசிகள் தங்கள் வீட்டு மாடியில் நின்று, எந்த நட்சத்திரம் வரை தெரிகிறது என்று பார்த்து எழுதி அனுப்பினார்கள். 2011 முதல் 2022 வரை 51 ஆயிரம் குறிப்புகள் சேர்ந்தன. 2023-இல் முடிவு வெளியானது. வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு ஏறக்குறைய நூற்றுக்குப் பத்து வீதம் கூடுகிறது. 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் ஒரு குழந்தை பிறந்தால், அதற்குப் 18 வயது ஆகும்போது 100 தான் மிஞ்சும். பெரும்பாலான குறிப்புகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்து வந்தவை. நம் பக்கம் எண்ணிச் சொன்னவர்கள் குறைவு.

மேலேயும் கூட்டம் கூடுகிறது. ஸ்ரீஹரிகோட்டா நமக்குக் கிழக்கே இருக்கிறது. இரவில் ராக்கெட் விட்டால், நெருப்புப் பொட்டு ஒன்று கிழக்கு வானத்தில் ஏறுவதை இங்கிருந்தே பார்க்கலாம். செயற்கைக்கோளால் நமக்குப் புயல் எச்சரிக்கை வருகிறது, டி.வி. வருகிறது. அது வேண்டும். ஆனால் 2019 முதல் ஓர் அமெரிக்கக் கம்பெனி ஆயிரக்கணக்கில் செயற்கைக்கோள்களை அனுப்பி வருகிறது. மாலையிலும் விடியலிலும் அவை பொட்டுப் பொட்டாக ஊர்ந்து போகும். தொலைநோக்கி எடுக்கும் படத்தில் கோடு கோடாக விழுகின்றன.

அப்படியானால் விளக்கு வேண்டாமா?

வேண்டும். விடியற்காலை நாலரை மணிக்குப் பால் சொசைட்டிக்குக் கேனைத் தூக்கிக்கொண்டு போகும் பெண்ணைக் கேட்டால் தெரியும். இரவில் வெளியே போகும் பெண்ணுக்கும், டியூஷன் முடிந்து வரும் பிள்ளைக்கும் தெருவிளக்கு பெரிய துணை. எத்தனையோ காலனிகள் மனு கொடுத்து, அலைந்து வாங்கிய விளக்கு அது. நட்சத்திரம் பார்ப்பதற்காக அதை அணைக்கச் சொல்வது நியாயம் ஆகாது.

ஆனால் வெளிச்சம் எங்கே வேண்டும்? தரையில் வேண்டும். பாம்பு தரையில்தான் கிடக்கிறது. கண்ணுக்கு நேராகப் பிரகாசமான விளக்கு அடித்தால் என்ன ஆகும்? கண் கூசும். விளக்குக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஆளும் தெரியாது. காலடியில் கிடக்கும் பாம்பும் தெரியாது. நிறைய வெளிச்சம் இருந்தும் பயன் இல்லை.

விளக்குக்கு மேலே ஒரு தகரக் குல்லாய் போட்டால் போதும். மேலே போகும் வெளிச்சமும் தரைக்கே திரும்பும். சாய்வாக மாட்டிய விளக்கை நேராகத் தரை பார்க்கும்படி திருப்பலாம். அப்போது குறைந்த வாட் விளக்கே போதும். வெள்ளைக்குப் பதில் மஞ்சள் நிற எல்.இ.டி. கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம். தெருவிளக்குக்கு மின் கட்டணம் கட்டுவது பஞ்சாயத்து. வானத்துக்குப் போகும் வெளிச்சத்துக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறது. கிராம சபையில் இதைக் கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

வேர்க்கடலை போடுபவர்களுக்கு விளக்கின் இன்னொரு குணமும் தெரியும். முதல் மழை பெய்ததும் கம்பளிப்புழுவின் தாய் அந்துப்பூச்சிகள் கிளம்பும். கொல்லையில் விளக்குப் பொறி வைத்து அவற்றைப் பிடிப்பார்கள். கெட்ட பூச்சியைப் பிடிக்க அது உதவுகிறது. ஆனால் தெருவிளக்கு நல்லது கெட்டது பார்ப்பதில்லை. இரவெல்லாம் எல்லாப் பூச்சிகளையும் இழுத்துச் சுற்ற வைக்கிறது. சென்னைக் கடற்கரையில் முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சுகளும் இப்படித்தான் ஏமாறுகின்றன. கடல் இருக்கும் பக்கம்தான் வெளிச்சம் என்று அவை பிறவியிலேயே நம்புகின்றன. தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுப் பக்கம் போய்ச் சாகின்றன.

லடாக்கில் செய்து காட்டினார்கள்

லடாக்கில் ஹான்லே என்று ஓர் இடம். கடல் மட்டத்துக்கு மேல் 4,500 மீட்டர் உயரம். கடுங்குளிர். அங்கேயும் காவலூரை நடத்தும் அதே நிறுவனத்தின் தொலைநோக்கி இருக்கிறது. 2022 டிசம்பரில் அதைச் சுற்றி 22 கிலோமீட்டர் வரை இருள்வானக் காப்பகம் என்று அறிவித்தார்கள். காட்டைக் காப்பது போல இருட்டைக் காப்பது.

அங்கேயும் கிராமங்கள் உண்டு. ஆடு மேய்ப்பவர்கள் உண்டு. அவர்களை அப்புறப்படுத்தவில்லை. வெளி விளக்குக்கு மறைப்பு போட்டார்கள். ஜன்னலுக்குக் கனமான திரை தொங்கவிட்டார்கள். இரவில் வரும் வண்டிகள் விளக்கைத் தாழ்த்தி ஓட்ட வேண்டும். அந்தக் கிராமத்து மக்களில் இருபது பேருக்கு மேல் தேர்ந்தெடுத்து, வானத்தைப் பற்றிப் பயிற்சி கொடுத்தார்கள். தொலைநோக்கியும் கொடுத்தார்கள். அவர்களில் நிறையப் பேர் பெண்கள். இப்போது சுற்றுலா வருபவர்களுக்கு அந்தப் பெண்களே சனிக் கிரகத்தின் வளையத்தைக் காட்டுகிறார்கள். தங்க அறை கொடுக்கிறார்கள். இருட்டு அவர்களுக்குச் சோறு போடுகிறது.

நீங்களும் பார்க்கலாம்

தொலைநோக்கி வேண்டாம். அமாவாசையை ஒட்டிய நாளாக இருக்கட்டும். சித்திரை அல்லது வைகாசி மாதம், இரவு எட்டரை மணி. முதலில் தெருவிளக்குக்கு அடியில் நின்று வடக்கே பாருங்கள். பிறகு ஊரைவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் போங்கள். துணைக்கு ஆள் இருக்கட்டும். நடக்கும்போது டார்ச் அடித்துக்கொண்டு போங்கள். இடம் சேர்ந்ததும் அணைத்துவிடுங்கள். செல்போனையும் எடுக்க வேண்டாம். இருபது நிமிடம் பொறுத்தால்தான் கண் இருட்டுக்குப் பழகும்.

கரண்டியைத் தேடுங்கள். காம்பின் நடுவே வசிஷ்டரைக் கண்டுபிடியுங்கள். பக்கத்தில் அருந்ததி தெரிகிறாளா? பிள்ளைகளுக்கு முதலில் காட்டுங்கள். அவர்கள் கண் கூர்மை. தேதி, இடம், தெரிந்ததா இல்லையா என்று நோட்டில் உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள். அடுத்த வருஷம் அதே மாதம், அதே வரப்பில் நின்று மறுபடியும் பாருங்கள்.